பானைக்கு மாளிகை, பானை செய்தவருக்குப் பெயர்கூட இல்லையா?

சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக முதலமைச்சர் அறிவித்தார். அதையொட்டித் தொல்லியல் துறை வெளியிட்ட ஆய்வு நூல், தமிழகத்தின் 140 இடங்களில் கிடைத்த பானை ஓட்டுக் கீறல்களை வரிசைப்படுத்திக் காட்டியது. பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கீறலை வரைந்து, வகை பிரித்திருக்கிறார்கள். அரிய உழைப்பு. பாராட்டுகிறோம்.

பாராட்டிய கையோடு கேட்க வேண்டியதையும் கேட்டுவிடுகிறோம். அந்த ஓடுகளைச் செய்தவர்கள் யார்? அவர்கள் வழிவந்தோர் எந்த ஊரில் எப்படி வாழ்ந்தார்கள், என்ன கூலி பெற்றார்கள், எந்த நிலத்தை எப்போது இழந்தார்கள்? யாராலும் படிக்க முடியாத எழுத்துக்குப் பத்து லட்சம் டாலர் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டு, அரசின் சொந்த அலமாரிகளிலேயே கிடக்கும் குயவர்களின் பெயர்களைத் தொகுக்கப் பத்து ரூபாய் ஒதுக்கியதாகக்கூட நமக்குத் தகவல் இல்லை. பானையைத் தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டு, பானை செய்தவரை வரலாற்றுக்கு வெளியே நிறுத்தியிருக்கும் இந்தப் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறோம். இதைத் திருத்தும் பொறுப்பும் அதிகாரமும் அரசிடமே இருக்கின்றன. ஆகவே சாக்குப்போக்குக்கு இடமில்லை.

கீழடியையே எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கம்பீரமாக நிற்கிறது. அதில் குயவர் தொழிலுக்கென ஒரு கூடமே ஒதுக்கியிருக்கிறார்கள். அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனால் அந்தக் கூடத்தின் குயவர் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தையவர். பெயரும் இல்லாதவர். அவருக்குப் பிந்தைய தலைமுறைகளுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியை எந்தத் துறையும் தன் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

கீழடியில் நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் 56 தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்தன. ஆதன், குவிரன் போன்ற பெயர்களைப் படித்து நாடே மகிழ்ந்தது. அந்த எழுத்துகளில் பெரும்பாலானவை பானை சுட்டெடுத்த பின் கீறப்பட்டவை. கையெழுத்தும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எனவே அவை பானையை வாங்கிப் புழங்கியவர்களின் பெயர்களாகவே இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. மண் ஈரமாக இருந்தபோது அதைத் தொட்டவரின் பெயர் அதில் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்று அரிக்கமேட்டில் நடந்தது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, இத்தாலியின் அரெட்சோ வட்டாரத்திலிருந்து கப்பலேறி வந்த சிவப்புப் பளபளப்புக் கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றின் அடியில் செய்த பட்டறையின் முத்திரை இருந்தது. விபி, கமுரி, இட்டா என்று அந்தப் பெயர்களை இன்றும் படிக்கலாம். அந்தக் கலங்கள் எந்தக் காலத்தவை என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அவை கிடந்த மண்ணடுக்குக்குக் காலம் குறிக்க முடிந்தது. அந்த அடுக்கை வைத்துத் தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்கே ஓரளவு நேரானது. கடல் கடந்த ஒரு பட்டறைக்காரரின் பெயர் நம் வரலாற்றுக்கு ஆண்டு குறித்துக் கொடுத்தது. அதே குழியில் மலைமலையாகக் கிடந்த உள்ளூர்ச் சட்டி பானைகளைச் செய்தவரின் பெயரோ அகப்படவில்லை. பழங்காலத்தில் பெயர் பதியாமல் போனதற்கு இன்றைய அரசைக் குறை சொல்ல மாட்டோம். பெயர் பதிந்திருக்கும் இடத்திலும் அதைத் தேடாமல் இருப்பதற்குத்தான் குறை சொல்கிறோம்.

தேடாமல் இருப்பவர்கள் எப்போதும் எடுத்து வைக்கும் வாதம் ஒன்று உண்டு: "எளிய மக்களைப் பற்றி ஆவணம் ஏது?" இது பொய். ஆவணம் ஏராளமாக இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறோம், துறைச் செயலாளர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

சங்கப் புலவர் வரிசையில் ஒரு குயவர் வீட்டுப் பெண் இருக்கிறார். கரிகாலன் வென்ற வெண்ணிப் போரைப் பற்றிப் பாடி, வெற்றி பெற்ற வேந்தன் முகத்துக்கு நேரேயே தோற்ற சேரனின் பெருமையை எடுத்துச் சொன்னவர். புறநானூற்றின் 66ஆம் பாட்டு அவருடையது. அவரை வெண்ணிக் குயத்தியார் என்கிறோம். ஊரும் தொழிலும் இருக்கின்றன. சொந்தப் பெயர் போய்விட்டது. தில்லையில் ஓடு செய்து அடியார்க்குக் கொடுத்த திருநீலகண்டர் அறுபத்துமூவரில் ஒருவராகக் கோயில்தோறும் நிற்கிறார். பக்திக்காக நினைவில் வைத்தோம்; அவர் தொழிலுக்காக அல்ல.

அடுத்தது செப்பேடுகளும் கல்வெட்டுகளும். பல்லவர், சோழர் செப்பேடுகளின் வரிப் பட்டியலில் குசக்காணம் திரும்பத் திரும்ப வருகிறது. அது குயவர் மீது விதித்த வரி. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த பணியாளர் பட்டியலில் கோயில் ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், தெருவும், வீட்டு வரிசையும்கூட உண்டு. அந்தப் பட்டியலிலேயே விளக்கேற்றுவோர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் ஆகியோரோடு குயவரும் கோயில் நெல்லில் பங்கு பெறுவோராக வருகின்றனர். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசு யாருக்கு எவ்வளவு நெல் என்று கல்லில் வெட்டிக் கணக்குக் காட்டியது. கணினி வைத்திருக்கும் அரசு அந்தக் கணக்கைத் தொழில்வாரியாகத் தொகுத்து மக்கள் கையில் கொடுக்கக்கூட முன்வரவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக்கு வருவோம். 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுச் சீமையில் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, எந்தத் தொழில், களத்துமேட்டில் நெல் அளக்கும்போது யாருக்கு எவ்வளவு மேரை (விளைச்சல் பங்கு) என்பதெல்லாம் அதில் உண்டு. கொல்லர், தச்சர், வண்ணார் வரிசையில் குயவருக்கும் விளைச்சலில் உரிமைப் பங்கு இருந்தது தெரிகிறது. கணக்கர்கள் தமிழ் ஓலைகளில் எழுதி வைத்த மூலக் கணக்குகளின் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. வரலாற்று ஆய்வாளர் தரம்பாலும் அவர் வழிவந்தோரும் இதை எடுத்துப் பேசிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அரசு காது கொடுத்ததா?

இவை எல்லாவற்றையும்விட வளமான சுரங்கம் இனாம் பதிவேடு. 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் ஆணையம் அமைக்கப்பட்டது. வரியில்லாமலோ குறைந்த வரியிலோ அனுபவிக்கப்பட்ட ஒவ்வொரு துண்டு நிலத்தையும் அது விசாரித்து எழுதியது. கோயில், மடம், சத்திரம், அக்கிரகாரம் மட்டுமல்ல. ஊருக்கும் கோயிலுக்கும் சட்டி பானை கொடுக்கும் ஊழியத்துக்காகக் குயவர் அனுபவித்த நிலமும் அதில் அடக்கம். ஒரு பக்கத்தை விரித்தால் கட்டம் கட்டமாக வரும்: நிலத்தின் அளவு, எந்த ஊழியத்துக்காக விடப்பட்டது, யார் கொடுத்தது, எந்த ஆண்டில், முதலில் பெற்றவர் பெயர், பழைய கணக்குகளில் இருந்த பெயர், இப்போது அனுபவிப்பவர் பெயர், அவர் வயது, குடியிருக்கும் ஊர், முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு, அவருக்கு வாரிசுகள் யார், கடைசியில் ஆணையத்தின் தீர்ப்பு. ஒரே வரியில் மூன்று நான்கு தலைமுறை! ஒரு குயவர் குடும்பத்தின் வாழ்க்கையைத் தேடிப் புறப்படுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தப் பதிவேடுகள் வட்டம், ஊர் என்ற வரிசையில் கட்டப்பட்டுள்ளன. நிலத் தகராறில் வழக்கறிஞர் வந்து கேட்டால் ஊர் பெயரைச் சொல்லி நகல் வாங்கலாம். தொழிலைச் சொல்லித் தேட வழியில்லை. குயவர் என்று தேட வேண்டுமானால் ஒருவர் ஊர் ஊராக, பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். "மின்னுருவாக்கம் செய்கிறோம்" என்று பதில் வரும் என்பது தெரியும். பக்கத்தைப் படம் பிடித்துக் கோப்பில் போடுவது ஒரு வேலை. பக்கத்தில் உள்ள பெயரைப் படித்துச் சுட்டு தயாரிப்பது வேறு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

நம்மிடம் சுட்டு இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கிறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு முதற்கொண்டு எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய கணக்கு அது. இன்று அது படியெடுக்கப்பட்டு, கணினியில் தேடக்கூடிய நிலையில் இருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தமிழர் தம் கொள்ளுப்பாட்டனின் ஊரை அதில் கண்டுபிடித்து இங்கே வந்து நிற்கிறார்கள். கரும்புத் தோட்டத்துக்குப் பிடித்துச் செல்லப்பட்ட குயவர் மகனின் அடையாளம் அங்கே காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஊரிலேயே இருந்து சக்கரம் சுற்றிய அவன் அண்ணனைப் பற்றி இங்கே கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. வெட்கப்பட வேண்டாமா?

இந்தப் பிழைக்கு வெள்ளையர் ஆட்சி அடிகோலியது உண்மை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் குயவருக்கும் ஒரு கட்டுரை உண்டு. அதில் பழக்கவழக்கம் வரும், சடங்கு வரும், கதை வரும். ஒரு தனி மனிதரின் வாழ்க்கை வராது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் தோண்டிய அலெக்சாண்டர் ரீ, 1915இல் வெளியிட்ட பட்டியலில் தாழிகளையும் கலங்களையும் எண்ணிட்டு அடுக்கினார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆள் ஆளாகப் பெயர் எழுதி வாங்கினார்கள். கூட்டிக் கழித்து அட்டவணை போட்டதும் பெயர்த் தாள்களைக் காப்பாற்றவில்லை. குயவர் இத்தனை ஆயிரம் என்ற எண் மட்டும் மிஞ்சியது.

1947க்குப் பிறகு வந்த அரசுகள் இதைத் திருத்தினவா? 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம், கணக்கெடுப்புப் பதிவுகளை எவரும் பார்வையிட முடியாது என்றே சொல்கிறது. எத்தனை ஆண்டு கழிந்தால் திறக்கலாம் என்று ஒரு வரம்பும் வைக்கவில்லை. உயிரோடிருப்பவரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும், சரி. நூறாண்டு கழித்தும் பூட்டி வைத்து யாரைக் காக்கிறோம்?

இங்கிலாந்தில் 1841 முதலான கணக்கெடுப்புத் தாள்கள் பெயரோடு பாதுகாக்கப்படுகின்றன. நூறாண்டு கழிந்ததும் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஜனவரியில் திறந்துவிடப்பட்டன. பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு தொழிலாளி எந்தத் தெருவில் குடியிருந்தார், எத்தனை வயதில் வேலைக்குப் போனார், எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தார் என்பதை அவருடைய பேரப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்தபடி தேடி எடுத்துவிடலாம். வெட்ஜ்வுட் நிறுவனத்தின் ஆவணங்களும் சேகரிப்பும் ஏலத்துக்குப் போகும் ஆபத்து வந்தபோது, 2014இல் ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு மேல் திரட்டி நாட்டுடைமையாகக் காப்பாற்றினார்கள்.

இது பழம்பெருமைக்காகச் செய்த காரியம் என்று எண்ணினால் தவறு. ஆவணம் உரிமையாக மாறும் என்பதற்கு அந்த ஊரே சாட்சி. 1841இல் சாமுவேல் ஸ்கிரிவன் என்ற அதிகாரி அங்குள்ள பானைத் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சிறுவர் சிறுமியரிடம் வாக்குமூலம் வாங்கினார். வார்த்தெடுத்த தட்டை அச்சோடு சுமந்து, கொதிக்கும் உலர்த்தும் அறைக்கும் பட்டறைக்கும் இடையே நாள் முழுக்க ஓடுவதே அந்தப் பிள்ளைகளின் வேலை. அவர்களின் பெயர், வயது, சொன்ன சொல் எல்லாம் அச்சில் வந்தன. 1864இல் தொழிற்சாலைச் சட்டம் பானைத் தொழிலுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஏழு வயதில் அந்த வேலைக்குப் போன சார்லஸ் ஷா, முதுமையில் தன் இளமைக்கால நினைவுகளை எழுதினார். 1903இல் அது நூலாக வந்தது. பெயரும் வயதும் எழுதப்பட்டதால்தான் கொடுமை மறுக்க முடியாததாயிற்று. வாக்குமூலத்துக்கும் சட்டத்துக்கும் இடையே இருபத்து மூன்று ஆண்டு தாமதம்தான். என்றாலும் சட்டம் வந்தது.

நம் ஊரில் இன்று என்ன நிலைமை? மண்பாண்டம் செய்ய மண் வேண்டும். கண்மாயிலும் குளத்திலும் களிமண்ணும் வண்டலும் எடுப்பது குயவருக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்த உரிமை. 1959ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகளிலேயே மண்பாண்டத் தொழிலுக்கு மண் எடுக்க இடம் உண்டு. 2024இல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வழங்கலாம் என்று நடைமுறை எளிதாக்கப்பட்டதும் நல்ல முடிவே. ஆனால் விண்ணப்பிக்கும்போது தான் குயவர்தான் என்று நிரூபிக்க வேண்டியவர் யார்? அந்தத் தொழிலாளியேதான். கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கு, சங்கத்தில் கடிதம் வாங்கு, நல வாரிய அட்டையைக் காட்டு. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் எந்தக் கண்மாய்க் கரையில் எந்த ஊழியத்துக்காக எவ்வளவு நிலம் வைத்திருந்தார் என்பது அரசின் பதிவேட்டிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் காகிதத்தை ஓர் அலுவலகத்தில் பூட்டிவிட்டு, இன்னோர் அலுவலகத்தில் அவரிடமே சான்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

சூளை போடும் இடம் புறம்போக்கு என்று ஒரு நாள் அறிவிப்பு ஒட்டுகிறார்கள். 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த ஊழிய நிலங்கள் யார் பெயரில் பட்டாவாயின, எத்தனை குடும்பம் பட்டா பெற்றது, எத்தனை கை நழுவிப் போயின என்று கேட்டால் விடை சொல்ல, பழைய பதிவேட்டையும் புதிய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை கொடுத்தால் போதும். பெயர்களைத் தேடுவது ஏட்டு ஆராய்ச்சி, வாழ்க்கைக்கு உதவாது என்று சொல்லும் அதிகாரிகளுக்கு இதுவே எங்கள் பதில்.

பெண்களின் உழைப்போ இருட்டிலும் இருட்டு. மண்ணைக் காயவைத்து உடைப்பது, சலிப்பது, தண்ணீர் விட்டு ஊறவைத்து மிதிப்பது, அடி தட்டிச் சேர்ப்பது, செம்மண் பூசுவது, சூளைக்கு வைக்கோலும் வரட்டியும் அடுக்குவது, கூடையில் வைத்துச் சந்தைக்குச் சுமப்பது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கை வேலை. பதிவேடோ சக்கரத்தின் முன் உட்கார்ந்த ஆணை மட்டும் தொழிலாளி என்று எழுதியது. மானாமதுரையில் கடம் செய்யும் முறையைப் பாருங்கள். சக்கரத்திலிருந்து இறக்கிய பானையின் உள்ளே ஒரு கையால் கல்லை அண்டக் கொடுத்து, வெளியே மறு கையால் மரப்பலகை கொண்டு தட்டுகிறார்கள். சுவரின் கனம் எங்கும் சீராகி, சுட்டெடுத்தபின் சுருதி சேர வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கான தட்டுகள், நாள் கணக்கான பொறுமை. இந்த வேலைக்காக மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றார். வாத்தியம் வாசிப்பவருக்கே வழக்கமாகப் போகும் பெருமை ஒரு முறை வாத்தியம் செய்த பெண்மணியைத் தேடி வந்தது. விருது கிடைத்ததால் அவர் பெயர் பதிவாயிற்று. கிடைக்காத நூற்றுக்கணக்கான பெண்களின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தலைவர்கள் வாழ்த்து அறிக்கை விட்டார்கள். அந்தச் சட்டப்படி பதிவேட்டுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் பொருள். இரண்டாம் பகுதியில் அந்தக் குறியீட்டைப் பயன்படுத்த உரிமை பெற்ற ஆட்கள். பொருளைப் பதிவு செய்ததோடு விழா முடிந்துவிடுகிறது. தொழிலாளியின் பெயர் இரண்டாம் பகுதியில் ஏறவில்லையென்றால் குறியீட்டின் பலன் வியாபாரிக்குத்தான். இங்கேயும் அதே பிழை: பானை உள்ளே, பானை செய்தவர் வெளியே.

இன்னொரு தயக்கத்துக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். குயவர் ஆவணம் என்று தொடங்கினால் அது சாதிப் பெருமை பாடும் வேலையாகிவிடாதா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆவணத்தைப் பூட்டி வைத்தால்தான் அந்த ஆபத்து அதிகம். உண்மைத் தகவல் கிடைக்காத இடத்தில் கட்டுக்கதைகளும் கற்பனைப் பரம்பரைகளும் முளைக்கின்றன. யார் எவ்வளவு உழைத்தார், என்ன பெற்றார், எதை இழந்தார் என்ற கணக்கு வெளிவந்தால், பேச்சு குலப்பெருமையிலிருந்து கூலிக்கும் நிலத்துக்கும் திரும்பும். உழைப்பின் வரலாறு அப்படித்தான் எழுதப்பட வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை இவை; திட்டவட்டமாகவே கேட்கிறோம்.

ஒன்று: எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் மாவட்ட அலுவலகங்களிலும் உள்ள இனாம் பதிவேடுகளுக்குத் தொழில்வாரிப் பெயர்ச் சுட்டு தயாரிக்க வேண்டும். மண்பாண்டத் தொழிலில் தொடங்கி, மற்றக் கைத்தொழில்களுக்கும் விரிக்க வேண்டும். சுட்டு பொதுமக்கள் இலவசமாகத் தேடும் நிலையில் இருக்க வேண்டும்.

இரண்டு: கல்வெட்டு, செப்பேடு, செங்கற்பட்டு ஓலைக் கணக்கு ஆகியவற்றில் குயவர் பற்றி வரும் எல்லாக் குறிப்புகளையும் திரட்டி, தமிழ்ப் பல்கலைக்கழகமும் தொல்லியல் துறையும் சேர்ந்து ஒரே தொகுதியாக வெளியிட வேண்டும்.

மூன்று: அரசு அருங்காட்சியகங்களில் உள்ள அண்மைக் கால மண் சிற்பம், அய்யனார் குதிரை, கொலு பொம்மை, கடம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் செய்தவர் யார், எந்த ஊர் என்று விசாரித்து விளக்கப் பலகையில் எழுத வேண்டும். இனி வாங்கும் எந்தப் பொருளையும் செய்தவர் பெயரில்லாமல் பதிவேட்டில் ஏற்றக் கூடாது. விளாச்சேரியிலும் கொசப்பேட்டையிலும் கேட்டால் பெயர் சொல்ல இன்னும் முதியவர்கள் இருக்கிறார்கள்.

நான்கு: மண்பாண்டத் தொழிலாளர் நல வாரியத்தின் பழைய உறுப்பினர் படிவங்களையும், கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களையும் பழைய காகிதமாக எடைக்குப் போடத் தடை விதித்து, ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும். உறுப்பினர் பட்டியலில் பெண்கள் தம் சொந்தப் பெயரில் தொழிலாளியாகப் பதியப்பட வேண்டும்.

ஐந்து: பரம்பரையாகத் தொழில் செய்யும் குடும்பத்தின் பெயர் அரசுப் பதிவேட்டில் இருக்குமானால், மண் எடுக்கும் அனுமதிக்கும் சூளை மனைப் பட்டாவுக்கும் அதையே போதிய சான்றாக ஏற்று அரசாணை வெளியிட வேண்டும்.

ஆறு: புவிசார் குறியீடு பெற்ற மண்பாண்டங்களுக்கு, அதைச் செய்யும் ஒவ்வொருவரையும் அரசே கட்டணம் கட்டி இரண்டாம் பகுதியில் பதிவு செய்ய வேண்டும்.

ஏழு: 2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப் போகிறார்கள். இந்த முறையும் எண்ணை வைத்துக்கொண்டு பெயரைத் தொலைக்க வேண்டாம். கணக்கெடுப்புப் பதிவுகளை அழியாமல் காத்து நூறாண்டு கழித்துத் திறக்கும் வகையில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த ஒன்றிய அரசை மாநில அரசு வலியுறுத்த வேண்டும்.

இவற்றில் எதற்கும் வானத்தை வில்லாய் வளைக்க வேண்டியதில்லை. கட்டடம் கட்ட வேண்டாம், வெளிநாட்டு ஆலோசகர் வேண்டாம். பழைய கையெழுத்துப் படிக்கத் தெரிந்த ஐம்பது இளைஞர்களும், அவர்களுக்குச் சில ஆண்டுச் சம்பளமும், இரண்டு துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மனமும் போதும். தமிழும் வரலாறும் கல்வெட்டியலும் படித்துவிட்டு வேலை தேடும் பட்டதாரிகளுக்கு இங்கே பஞ்சமா?

தமிழரின் தொன்மையைப் பானை ஓட்டை வைத்து உலகத்துக்கு நிரூபிக்கும் அரசுக்கு, அந்தப் பானையைச் செய்தவர்களின் வாழ்க்கையைச் சொந்த மக்களுக்குச் சொல்லும் கடமையும் உண்டு. அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் தொல்லியல், ஆவணக் காப்பகம், தொழிலாளர் நலம், வருவாய் ஆகிய நான்கு துறைகளின் அமைச்சர்களும் இந்த ஏழு கோரிக்கைகளுக்கும் எழுத்துமூலம் பதில் வைக்க வேண்டும். எதை, எந்த ஆண்டுக்குள், எவ்வளவு செலவில் செய்வார்கள் என்று தேதியோடு சொல்ல வேண்டும். பரிசீலிக்கிறோம் என்ற பதிலை ஏற்க மாட்டோம்.